அடீனியத்தின் அடி மெத்தென்று ஆகிவிட்டதா?

கேள்வி: சென்னையில் மொட்டை மாடியில் பாலைவன ரோஜா எனப்படும் அடீனியம் செடி இரண்டு வைத்திருக்கிறேன். நர்சரியில் வாங்கும்போது இரண்டும் பூத்துக் குலுங்கின. ஐப்பசி மழைக்குப் பிறகு ஒன்றின் அடிப்பகுதி மெத்தென்று ஆகி, இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. இன்னொன்று தழைத்து நிற்கிறது, ஆனால் பூ இல்லை. படங்களில் வருவதுபோல அடி பெருத்த செடியாக இவற்றை வளர்க்க முடியுமா?

பதில்: முதலில் அடி கெட்டுப்போன செடியைக் கவனியுங்கள். அழுகல் ஒரு வாரத்தில் முழுச் செடியையும் தின்றுவிடும்.

கட்டைவிரலால் அடிப்பகுதியை நாலு பக்கமும் அழுத்திப் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி தொய்ந்து, தோல் சுருங்கியிருந்தால் அது தண்ணீர்ப் பற்றாக்குறை. கோடையில் இப்படி ஆனால் நன்றாகத் தண்ணீர் விட்ட இரண்டு மூன்று நாளில் உருண்டு திரண்டுவிடும். மழையில் ஊறிய செடி இப்படித் தொய்ந்தால், வேர் செத்துப்போய் தண்ணீரை உறிஞ்ச முடியவில்லை என்று அர்த்தம். ஓரிடத்தில் மட்டும் விரல் உள்ளே போய், அங்கே தோல் பழுத்து, நீர் கசிந்து, கெட்ட வாடை வந்தால் அது நேரடி அழுகல். உங்கள் செடியில் வேர் செத்திருந்தாலும் சரி, நேரடி அழுகலானாலும் சரி, இன்றே தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கையுறை கட்டாயம். அடீனியம் அரளிக் குடும்பம். இதன் சாற்றில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. ஆப்பிரிக்காவில் வேட்டை அம்புகளின் நுனியில் தடவிய சாறு இது. கண்ணில் படக் கூடாது. வெட்டிய துண்டுகளை ஆடு, நாய், குழந்தைகள் தொடும் இடத்தில் போடக் கூடாது.

வேரிலுள்ள மண்ணைக் கழுவிவிட்டு, ஸ்பிரிட்டில் துடைத்த கூரான கத்தியால் கெட்ட பகுதியைச் சீவுங்கள். நல்ல சதை வெள்ளரிக்காயின் உள்பக்கம் போல வெளுப்பாக, கெட்டியாக, ஈரமாக இருக்கும். அதில் பழுப்பு வளையமோ கடுகளவு புள்ளியோ தெரிந்தால் இன்னும் உள்ளே வெட்டவேண்டும். பலர் இங்கேதான் மனசு கேட்காமல் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு புள்ளி மிச்சமிருந்தாலும் அழுகல் மறுபடி கிளம்பும். பாதிக் கிழங்கு போனாலும் பரவாயில்லை, மீதி பிழைக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவாயில் கந்தகத் தூளையோ காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியையோ குழைத்துத் தடவுங்கள். மஞ்சள் தூளை மட்டும் நம்ப வேண்டாம். மீதி இலைகளையும் கிள்ளிவிட்டு, மழைச் சாரல் படாத, காற்றோட்டமான நிழலில் செடியைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். வெட்டுவாய் தோல்போல இறுக 7 முதல் 10 நாள் ஆகும். ஈரமான கார்த்திகையில் இரண்டு வாரம்கூட ஆகலாம். பட்டினியால் இது சாகாது. பிறகு கீழே சொல்லும் கலவையில், அது உலர்ந்திருக்கும்போதே நட்டு, இன்னொரு வாரம் கழித்து முதல் தண்ணீர் விடுங்கள்.

இப்படி ஆனதற்குக் காரணம் மழை மட்டுமல்ல, தொட்டியில் இருக்கும் மண். இந்தச் செடி சகாராவுக்குத் தெற்கிலும் அரேபியத் தீபகற்பத்திலும் கல்லும் மணலுமான வறண்ட நிலத்தில் வளர்வது. மழை பெய்யும்போது குடித்து அடியில் சேர்த்துவைத்துக்கொள்ளும். வேரைச் சுற்றித் தண்ணீர் தங்கினால் தாங்காது. நர்சரிகளில் பெரும்பாலும் செம்மண்ணிலோ தேங்காய்நார்க் கழிவிலோ வைத்துத் தருகிறார்கள். கோடையில் அது தெரியாது. நான்கு நாள் அடைமழையில் அதுவே சேறாகிவிடும். வாங்கியதும் கலவையை மாற்றாததுதான் அடீனியம் வளர்ப்பில் நடக்கும் முதல் தவறு.

கலவைக்கு: சலித்த எம்-சாண்ட் அல்லது ஆற்று மணல் 4 பங்கு, பட்டாணி அளவு செங்கல் துண்டு 3 பங்கு, அடுப்புக்கரித் துண்டு 1 பங்கு, நன்றாக மக்கிய மண்புழு உரம் 2 பங்கு. மணலை ரவைச் சல்லடையில் சலித்து, கீழே விழும் மாவுத்தூளை ஒதுக்கிவிட்டு, மேலே நிற்கும் குருணையை மட்டும் எடுங்கள். அந்தத் தூள்தான் துளைகளை அடைக்கும் எமன். தொட்டிக்கு ஒரு கைப்பிடி எலும்புத்தூளும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் சேர்க்கலாம். நட்டபின் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்: மேலே தேங்காமல், சில விநாடிகளில் அடித்துளை வழியாக ஓடவேண்டும்.

அடியில் ஜல்லி போட்டால் வடிகால் கிடைக்கும் என்று சொல்வார்கள். அது சரியல்ல. மேலே இருக்கும் பொடிமண் முழுக்க ஊறி நிறையும்வரை தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது; வேர் இருக்கும் இடம் மேலும் ஈரமாகத்தான் இருக்கும். முழுக் கலவையும் ஒரே மாதிரி கரகரப்பாக இருக்கட்டும். தொட்டிக்குக் கீழே தட்டு வேண்டாம், இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். வெயில் காலத்தில் இலை நிறைந்த செடிக்குத் தினமும்கூடத் தண்ணீர் விடலாம். மார்கழி, தையில் சில செடிகள் இலை உதிர்க்கும். அடி கெட்டியாக இருந்தால் பயமில்லை, தண்ணீரை மட்டும் குறையுங்கள்.

இனி பூக்காத செடி. இலை கரும்பச்சையாகத் தழைத்து, கிளை நீண்டு மெலிந்திருந்தால் வெயில் போதவில்லை, அல்லது தழைச்சத்து அதிகம். தினமும் 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். மழைக்காக உள்ளே நகர்த்திய செடி பூக்காமல் நிற்பது சகஜம். பூ புதுக்கிளையின் நுனியில்தான் வரும். அதனால் மாசிக் கடைசியில், மழை இல்லாத வாரம் பார்த்து, எல்லாக் கிளைகளிலும் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு நீளத்தை வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு மூன்று துளிர் கிளம்பும். துளிர் வந்ததும் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், 15 நாளுக்கு ஒருமுறை. இலை முற்றியபின் அதை நிறுத்தி, தழைச்சத்து இல்லாத 0:52:34 உரத்தை அதே அளவில் கொடுங்கள். வெட்டியதிலிருந்து இரண்டு மாதம், சில சமயம் கொஞ்சம் கூடுதலாக, பொறுத்திருங்கள்.

பருத்த அடி வேண்டுமென்றால், முதலில் உங்கள் செடி விதையில் வந்ததா, கிளையை நட்டு வந்ததா என்று பாருங்கள். விதைச் செடிக்கும், விதைச் செடிமேல் ஒட்டுக்கட்டியதற்கும் அடி உருண்டையாக இருக்கும். தண்டில் ஒட்டு போட்ட தழும்பும் தெரியலாம். கிளைச் செடிக்கு அந்த அழகான உருண்டை அமைவது அபூர்வம். அதைப் பூவுக்காக வளர்க்கலாம்.

விதைச் செடியை ஆண்டுக்கு ஒருமுறை, மாசி-பங்குனியில் எடுத்து வேரைக் கழுவி, நேராகக் கீழே போகும் ஆணிவேரை வெட்டி, பக்கவேர்களை விசிறிபோலப் பரப்பி நடவேண்டும். வெட்டுவாய் காய 4, 5 நாள் நிழலில் வைத்தபின் நடுங்கள். முன்பு இருந்ததைவிட இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயர்த்தி நட்டால் முன்பு புதைந்திருந்த வேர் வெளியே தெரியும். வேர் மண்ணுக்குள் இருக்கும்போதுதான் வேகமாகப் பருக்கும். அதனால் ஒரேயடியாக வெளியே தூக்கிவிடாதீர்கள். தொட்டி ஆழமாக வேண்டாம், அகலமாக இருக்கட்டும். புதிதாக வெளிப்பட்ட வேரில் முதல் சில வாரம் உச்சிவெயில் பட்டால் தோல் வெந்துவிடும்; வலைநிழல் கொடுங்கள்.

ஒரே இரவில் இலைகள் காணாமல் போனால் தண்டின் அடிப்பக்கம் தேடுங்கள். விரல் பருமனில், தலைக்குப் பின்னால் நீலக் கண் போன்ற புள்ளியும் வாலில் கொம்பும் கொண்ட பச்சைப் புழு, அரளி அந்துப்பூச்சியின் குஞ்சு. கையால் எடுத்தாலே போதும், மருந்து தேவையில்லை. இலை சாம்பல் பூத்து, அடியில் மெல்லிய வலை இருந்தால் அது சாறு உறிஞ்சும் சிலந்திப்பேன். மாலையில் வேப்பெண்ணெய் 5 மில்லியைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள்.

புதுச்செடி வாங்குவதென்றால் பங்குனி, சித்திரையில் வாங்குங்கள். இணையத்தில் நீல அடீனியம் விதை என்று விற்பார்கள். நீலப்பூ அடீனியம் கிடையாது. கறுப்பு என்று வருவது கரும் சிவப்பு. அடுக்குப்பூ ரகங்களின் விதையில் தாய்ச்செடியின் அதே பூ வரும் என்ற உறுதியில்லை. குறிப்பிட்ட நிறம் வேண்டுமென்றால் பூத்து நிற்கும் ஒட்டுச்செடியை நேரில் பார்த்து, அடியை அழுத்திப் பார்த்து எடுங்கள்.