வேதமே இருக்கும்போது நபி எதற்கு? இஸ்லாத்தில் நபித்துவம் என்றால் என்ன?

இறைவன் ஒரு மனிதரைத் தேர்ந்தெடுத்துத் தன் செய்தியை மக்களிடம் சேர்க்கச் சொல்வதுதான் நபித்துவம். படித்தோ தவமிருந்தோ அடைகிற பதவி அல்ல.

ஏன் மனிதர்? பசியே அறியாத வானவர் (தேவதூதர்) வந்து நோன்பு வை என்றால், "உனக்கு ஏது பசி?" என்போம். காசிமேட்டில் முதன்முறை கடலுக்குப் போகிற பையனிடம் வரைபடத்தை நீட்டி அனுப்பிவிட மாட்டார்கள். அதே அலையில் ஆடிப் பழகிய பெரியவர் ஒருவர் கூடப் போவார். தொழச் சொல்கிறது குர்ஆன். எப்படித் தொழுவது என்று செய்து காட்டியவர் முகம்மது நபி (ஸல்).

குர்ஆன் பெயர் சொல்லும் நபிமார்கள் 25 பேர். ராயபுரம் சர்ச்சில் ஆபிரகாம், மோசே, இயேசு. மண்ணடிப் பள்ளிவாசலில் அவர்களே இப்ராஹீம், மூசா, ஈசா. (பலருக்கு இது புதுச் செய்தி.) கடைசி நபி முகம்மது என்பது நம்பிக்கை.

முஸ்லிம்கள் நபியை வணங்குவதாகச் சிலர் நினைக்கிறார்கள். இல்லை, வணக்கம் அல்லாஹ்வுக்கு மட்டும்தான்.