நாற்காலி வாங்கும் முன் மேசையை அளந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 33, உயரம் 5 அடி 1 அங்குலம். செங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே கொச்சி கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். காலையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு, மதியத்துக்கு மேல் சாப்பாட்டு மேசையில் என்று ஒன்பது, பத்து மணி நேரம் லேப்டாப்போடு போகிறது. காற்றுக்காக மேற்கு ஜன்னலுக்கு நேராக உட்காருவேன். நாலைந்து மாதமாகக் கழுத்தும் வலது தோளும் கடுக்கின்றன, சாயங்காலமானால் கண் எரிகிறது. ராத்திரியில் வலது கைப் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் விழிப்பு வந்துவிடுகிறது, கையை உதறினால் சரியாகிறது. புனலூர் போய் உழிச்சில் (கேரள எண்ணெய்த் தடவல்) செய்துகொள் என்கிறார் மாமியார். வீட்டுக்காரர் 18,000 ரூபாய்க்கு நாற்காலி பார்த்து வைத்திருக்கிறார். வாங்கலாமா?

பதில்: நாற்காலியை இப்போது வாங்க வேண்டாம். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அதுதான் சிக்கலின் வேர். கைக்குத் தோதாக வைத்தால் திரை தாழ்ந்து கழுத்து குனிகிறது, கண்ணுக்குத் தோதாகத் தூக்கினால் கை மேலே போய்த் தோள் ஏறிக்கொள்கிறது, இதில் எத்தனை ஆயிரம் ரூபாய் நாற்காலியில் உட்கார்ந்தாலும் தப்ப முடியாது. நம் தலை நாலரை, ஐந்து கிலோ எடை. அது முன்னால் சாயச் சாய, விழாமல் இழுத்துப் பிடிக்கிற வேலை முழுவதும் பின்கழுத்துத் தசைகளுக்குத்தான், உங்களுக்கு அது நாள் முழுக்க நடக்கிறது. அதனால் முதல் செலவு தனிக் கீபோர்டும் மவுஸும், இரண்டும் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சத்தில் கிடைக்கும். அப்புறம் லேப்டாப்புக்கு அடியில் பழைய புத்தகங்களை அடுக்கி, திரையின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்துக்கு வரும்வரை உயர்த்துங்கள், ஏழெட்டு அங்குலமாவது தேவைப்படும். கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடுகிற தூரம் போதும்.

இனி மேசை. நம் வீடுகளில் சாப்பாட்டு மேசை பெரும்பாலும் 30 அங்குல உயரம் இருக்கும், நாற்காலி 18 அங்குலம். உங்கள் உயரத்துக்கு அதில் உட்கார்ந்தால் முழங்கை இருக்கும் இடம் தரையிலிருந்து 26, 27 அங்குலம்தான். அதாவது நீங்கள் டைப் செய்யும் நேரமெல்லாம் கைகளை மூன்று, நாலு அங்குலம் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள், வலது தோள் கடுக்காமல் என்ன செய்யும்? நான் சொன்ன கணக்கை நம்ப வேண்டாம், டேப் வைத்து நீங்களே அளந்து பாருங்கள், ஆளுக்கு ஆள் ஓரிரு அங்குலம் மாறும். இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. கெட்டியான மெத்தை போட்டு இருக்கையை நாலு அங்குலம் உயர்த்தலாம், அப்படிச் செய்தால் கால் அந்தரத்தில் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் அழுந்தும், ஆகவே பாதத்துக்கு அடியில் ஆறு அங்குல உயரத்துக்கு ஒரு பலகையோ மணையோ கட்டாயம் வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கிற மர மேசை ஏதும் இருந்தால் ஆசாரியைக் கூப்பிட்டு அதன் காலை உங்கள் முழங்கை அளவுக்கு அறுத்துக்கொள்வது இன்னும் நல்லது, நான் இதைத்தான் சொல்வேன். முதுகு லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கட்டும், விறைப்பாக நிமிர்ந்து உட்கார வேண்டிய அவசியமில்லை, இடுப்பு வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் சரி.

கட்டிலில் வேலை பார்ப்பதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். கழுத்துக்கும் ஆகாது, படுக்கையில் வேலை பார்த்துப் பழகினால் படுத்தபிறகும் மனசு மீட்டிங்கிலேயே நிற்கும், ஏற்கெனவே விரல் மரத்துத் தூக்கம் கெடுகிறது.

கண் எரிச்சலுக்கு உங்கள் ஊர்க் காற்றும் ஒரு காரணம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று சாரல் மாதங்களில் எவ்வளவு வேகமாக அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதை நேராக முகத்தில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் கண்ணீர்ப் படலம் உலர்ந்துவிடும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதும் பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. போதாததற்கு வெளிச்சமான ஜன்னலுக்கு முன்னால் திரை இருந்தால் கண் கூசும். மேசையைத் திருப்பிப் போட்டு ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பாருங்கள், மேற்கே மலை தெரிகிற வீடாக இருந்தால் அதைவிட வசதி வேறில்லை. மருந்துக் கடையில் ‘கண் எரியுது’ என்று கேட்டு, கொடுப்பதை வாங்கி ஊற்றாதீர்கள், ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைத் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும்.

உங்கள் கடிதத்தில் நான் நின்று படித்தது விரல் மரத்துப்போகிற இடத்தைத்தான். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல், ராத்திரியில் விழிப்பு, உதறினால் சரியாவது, இவையெல்லாம் சேர்ந்தால் மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெருக்கப்படுகிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும், கார்பல் டனல் என்பார்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று முடிவுகட்டிப் படம் எடுத்துக்கொண்டு அலைபவர்களில் பலருக்குக் கோளாறு மணிக்கட்டில்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், அம்மா, இது சரியாகக்கூடியது. ஆனால் இதற்குக் கீபோர்டை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. தைராய்டு குறைவு, சர்க்கரை, கர்ப்பம் இவற்றிலும் இப்படி வரும், ஆகவே தைராய்டுக்கான TSH பரிசோதனையும் மூன்று மாதச் சர்க்கரை அளவான HbA1c பரிசோதனையும் இந்த வாரமே செய்துவிடுங்கள், தென்காசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். மணிக்கட்டை நேராக நிறுத்துகிற பட்டை கடையில் கிடைக்கும், தூங்கும்போது மட்டும் ஆறு வாரம் கட்டுங்கள். துணி பிழிவது, சப்பாத்தி மாவு பிசைவது இரண்டையும் கொஞ்ச நாளைக்கு வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும், நாற்காலிக்கு ஒதுக்கிய பணத்தைவிட அது உங்களுக்கு அதிகம் உதவும்.

அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள். எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும் அசையாமல் உட்கார்ந்தால் வலி வரத்தான் செய்யும். கேமரா தேவைப்படாத மீட்டிங்கை நடந்துகொண்டே கேளுங்கள். எழுந்ததும் தாடையை உள்ளே இழுத்து ஐந்து விநாடி வைத்து விடுவது, இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் சேர்ப்பது, ஒவ்வொன்றும் பத்து முறை, அதற்கு மேல் வேண்டாம்.

உழிச்சிலுக்கு நான் எதிரி இல்லை. இறுகிய தசைக்கு அது சுகம் தரும், மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். போனால் மென்மையான தடவலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்க யாரையும் விடாதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கழுத்தெலும்புக்குள்ளே ஓடுகிறது, அது கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. முடிவெட்டும் கடையில் உங்கள் வீட்டுக்காரர் இதைச் செய்துகொள்கிற பழக்கமிருந்தால் அவரிடமும் சொல்லுங்கள்.

ஆறு வாரத்தில் மரப்பு குறையாவிட்டால், நரம்பு வழியே மின் சமிக்ஞை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கிற நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்ய வேண்டும். கையிலிருந்து டம்ளர் நழுவுவது, பொத்தான் போடத் தடுமாறுவது, பெருவிரல் அடிச் சதை வற்றுவது, பகலிலும் மரப்பு விடாமல் இருப்பது, இதில் ஏதாவது தெரிந்தால் ஆறு வாரம் காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரையோ எலும்பு மருத்துவரையோ பாருங்கள். நடையில் தள்ளாட்டம் வந்தாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.