திருமண நாள் விருந்து எனக்கு ஏன் கசக்கிறது?

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 31. கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கணவருக்கு ஓசூரில் வேலை. காதல் திருமணம். நாங்கள் பட்டியல் சாதி, அவர் வேறு சாதி. ஆரம்பத்தில் முறைத்துக்கொண்டிருந்த அவர் வீட்டார் இப்போது வந்து போகிறார்கள்.

அடுத்த மாதம் எங்கள் ஐந்தாவது திருமண நாள். பெங்களூருவில், மாட்டுக்கறியைப் பெரிய துண்டாகச் சுட்டுத் தருகிற பெரிய ஸ்டேக்ஹவுஸ் ஒன்றில் டேபிள் புக் பண்ணிவிட்டு வந்து சொன்னார். போனில் மெனுவைக் காட்டி, "மீடியம் ரேர்தான் சொல்லணும், வெல் டன் கேட்டா சிரிப்பாங்க" என்றார். மீடியம் ரேர் என்றால் அரைவேக்காடாம், வெல் டன் என்றால் நன்றாக வெந்ததாம். இரண்டு பேருக்கு எப்படியும் ஏழெட்டாயிரம் ஆகும். எனக்கு சந்தோஷமே வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

நான் வளர்ந்தது தர்மபுரியில், வாடகை வீட்டில். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி எடுத்தால் அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். விசில் சத்தம் கேட்டு ஹவுஸ் ஓனர் அம்மா எட்டிப் பார்த்து "என்ன குழம்பு?" என்பார். மட்டன் என்று சொல்ல எங்களைப் பழக்கியிருந்தார்கள். எலும்பைக் காகிதத்தில் சுற்றி, அப்பா வேலைக்குப் போகிற வழியில் எங்கேயாவது போட்டுவிடுவார். திங்கட்கிழமை மிச்சக் குழம்பை ஒரு நாளும் பள்ளிக்கு எடுத்துப் போனதில்லை.

கணவர் கல்லூரியில் நண்பர்களோடு சாப்பிட்டுப் பழகியவர். என் அம்மா களி கிண்டி இந்தக் குழம்பு வைத்தால் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். ஆனால் கல்யாணமான புதிதில், "எங்கம்மாகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாத" என்றார். இன்றுவரை சொல்லவில்லை. இப்போது அதே கறிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து, போட்டோவும் போடலாம் என்கிறார். அத்தை பார்த்தால்? "அவங்களுக்கு அது என்னன்னே தெரியாது" என்று சிரிக்கிறார்.

ஆசையாகச் செய்கிறவரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு நன்றி கெட்ட குணமா? அங்கே கத்தி, முள்கரண்டியோடு உட்கார்ந்தால் எல்லாரும் என்னையே பார்ப்பார்கள் என்ற பயம் வேறு. போகலாமா, வேண்டாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிருஷ்ணகிரி

ஆலோசகர் பதில்:

அன்புள்ள தோழி,

நன்றி கெட்ட குணம் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சின்ன வயதில் வீடே சேர்ந்து மறைத்த ஒரு விஷயம், இப்போது மெழுகுவத்தி வெளிச்சத்தில், வெள்ளைத் துணி விரித்த மேஜையில் பெருமையாக வந்து உட்காருகிறது. எலும்பைச் சுற்றி எடுத்துப்போன அப்பாவுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லையே என்று மகளுக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

அதே கறி என்கிறீர்கள். கர்நாடகத்தில் 2021 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி பசு, காளை, எருது, கன்று எதையும் வெட்ட முடியாது. 13 வயதைத் தாண்டிய எருமைக்கு மட்டும் அனுமதி உண்டு. ஆக உங்கள் கணவர் ஆசைப்படும் மேஜைக்கு வரப்போவது அநேகமாக எருமைக் கறிதான். அதிலும் கறிக்கடைக்காரர்கள் அண்டர்கட் என்று சொல்லும் பகுதி. அந்தத் தசைக்கு வேலையே குறைவு, அதனால் மெத்தென்று இருக்கும், சில நிமிடங்களில் தயார். சாதாரண வீடுகளுக்கு மலிவாகக் கிடைத்ததோ பெரும்பாலும் தொடையும் காலும். உழைத்து இறுகிய அந்தக் கறியைப் பதமாக வேகவைப்பதற்குத்தான் உண்மையில் கைப்பக்குவம் வேண்டும். உங்கள் அம்மா அதை ஜன்னலையும் சாத்திக்கொண்டு செய்திருக்கிறார்!

சரி, பயத்துக்கு வருவோம். எல்லாரும் நம்மையே பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தை அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கிலோவிச் குழுவினர் ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். கூச்சப்பட வைக்கும் படம் போட்ட டீ சர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, பலர் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். வழக்கமாக இதைச் சொல்லி, கவலையை விடுங்கள் என்று முடித்துவிடுவோம். உங்களிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் சின்ன வயதில் நிஜமாகவே ஒருவர் எட்டிப் பார்த்தார். பதில் பிசகியிருந்தால் வீட்டையே காலி செய்யவேண்டி வந்திருக்கலாம். அங்கே கற்ற எச்சரிக்கை, தேவையில்லாத இடத்திலும் இன்று கூடவே வருகிறது. பெங்களூரு மேஜையில் உங்களை யாரும் மோப்பம் பிடிக்கப்போவதில்லை.

வெல் டன் கேட்டால் சிரிப்பார்கள் என்பதும் சும்மா. கறியின் நடுப்பகுதி 55 டிகிரியை ஒட்டி இருந்தால் மீடியம் ரேர், 70ஐத் தாண்டினால் வெல் டன். நன்றாக வெந்த கறியையே சாப்பிட்டு வளர்ந்தவர் அதையே கேட்பதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? தட்டில் கசியும் சிவப்பு நீரைப் பார்த்து ரத்தம் என்று பயப்படவும் வேண்டாம், அது தசையில் உள்ள மயோகுளோபின் புரதத்தின் நிறம்.

என்னை உறுத்துவது வேறு. "எங்கம்மாகிட்ட சொல்லிடாத." அன்று புது மருமகளைச் சங்கடத்திலிருந்து காப்பாற்ற நினைத்துக்கூட அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால் நடந்தது என்ன? உங்கள் அம்மா ஹவுஸ் ஓனரிடம் சொன்ன பொய்யை நீங்கள் மாமியார் வீட்டில் தொடர்கிறீர்கள். அவருக்கோ மறைப்பதும் போட்டோ போடுவதும் ஒரே வாரத்தில் முடிகிற காரியம். இந்த வித்தியாசம் அவர் கண்ணில் பட்டிருக்காது. அவருக்கு எலும்பு கதை தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தெரியாது என்றே நினைக்கிறேன்.

அதைச் சொல்லுங்கள். விருந்துக்கு முன்னால், வீட்டில், அவசரமில்லாத ஒரு மாலையில். "நீங்க இப்படி, உங்க வீடு அப்படி" என்று ஆரம்பித்தால் அவர் அம்மாவுக்காக வாதாடத் தொடங்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் ஆரம்பியுங்கள். மெனுவைப் பார்த்தபோது மனதில் என்ன ஓடியது என்பதையும் சொல்லுங்கள். அப்புறம் அவர் பேசட்டும். உடனே அத்தையிடம் எல்லாவற்றையும் போட்டு உடைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. எப்போது, யார் சொல்வது என்பதில் உங்களுக்கும் ஒரு குரல் வேண்டும், அவ்வளவுதான். சொல்வது என்று முடிவானால், தன் அம்மாவிடம் பேசவேண்டியது அவர்.

கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, தாராளமாகப் போய்வாருங்கள். "இதையெல்லாம் பெரிசு பண்ணாத" என்று தள்ளினால் டேபிளை ரத்து செய்துவிட்டு, இரண்டு பேரும் ஒரு ஆலோசகரைப் பாருங்கள். அதுவரை மனம் பாரமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

போவதாக இருந்தால், போட்டோ போடுவதா வேண்டாமா என்பதை இங்கேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். மேஜையில் உட்கார்ந்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேண்டாம்.