நோட்டீஸுக்குப் பிறகு நிரப்பிய பதிவேடு

வாசகர் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறார். தொடைவலியோடு வந்த ஒருவருக்கு டிரை நீட்லிங் (மருந்தில்லாத மெல்லிய ஊசியைத் தசையில் குத்தும் சிகிச்சை) செய்து, அதே அமர்வில் அந்த இடத்திலேயே அல்ட்ராசவுண்ட் ஒலியலை சிகிச்சையும் கொடுத்திருக்கிறார். இரண்டு வாரத்தில் அங்கே சீழ்க்கட்டி வந்து அறுவை சிகிச்சை வரை போய்விட்டது. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 8 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்கு. நோயாளிக்குச் சர்க்கரை நோய், கட்டண பாக்கி வைத்திருக்கிறார், போட்டி கிளினிக்காரர் தூண்டிவிட்டார், இணையத்தில் அசிங்கமாக எழுதிவிட்டார் என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "கிளீனிங் ரெஜிஸ்டர் நடுவில் நின்றுபோயிருந்தது. நோட்டீஸ் வந்ததும் உதவியாளரை வைத்து மூன்று மாதத்துக்கும் எழுதி முடித்துவிட்டேன். ஜெயிக்க வாய்ப்பு உண்டா?"

பதில்:

நான்கு பக்கத்தில் சட்டத்துக்கு வேண்டியது அந்தக் கடைசி வரிதான். பாக்கியும் போட்டியாளரும் இணைய விமர்சனமும் இந்த வழக்கில் எதையும் மாற்றப்போவதில்லை. சர்க்கரை நோயை உங்களுக்குச் சாதகமாக நினைக்கிறீர்கள். உங்கள் கேஸ் ஷீட்டிலேயே 'சர்க்கரை உண்டு' என்று குறித்திருந்தால், தொற்று அபாயம் கூடுதல் என்று தெரிந்தும் ஊசி குத்தினீர்கள் என்றுதான் எதிர்த்தரப்பு படிக்கும்.

ரெஜிஸ்டருக்கு வருவோம். பதிவேடு இல்லாதது பலவீனம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டும் வழக்கு நடத்தலாம். வழக்கில் காட்டுவதற்காகப் பின்தேதியிட்டு எழுதுவது வேறு விஷயம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது பொய்ச் சாட்சியம் புனைதல், 7 ஆண்டு வரை சிறை. "இது நுகர்வோர் ஆணையம்தானே, கோர்ட் இல்லையே" என்று சொல்ல வேண்டாம். ஆணையத்தின் நடவடிக்கையும் இந்த விஷயத்தில் நீதிமன்ற நடவடிக்கையாகவே கருதப்படும் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

யாருக்குத் தெரியப்போகிறது என்கிறீர்களா? இப்படிப்பட்ட ரெஜிஸ்டர்கள் மாட்டிக்கொள்வதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதமும் ஒரே பேனா, ஒரே சாய்வு. கிளினிக் மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமையிலும் 'காலை, மாலை சுத்தம் செய்யப்பட்டது'. வேலைக்குச் சேருவதற்கு முந்தைய தேதியில் உதவியாளரின் கையெழுத்து. ஒரு ரெஜிஸ்டரில் அல்ட்ராசவுண்ட் ஹெட்டை (உடம்பில் வைக்கும் முனையை) தினமும் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியில் ஊறவைத்ததாக எழுதியிருந்தார்கள். மின்கருவியின் ஹெட்டை யார் அப்படி ஊறவைப்பார்கள்? அதன் பிறகு அந்தக் கிளினிக் சொன்ன உண்மைகளைக்கூட யாரும் நம்பவில்லை. இன்னொன்று, உங்கள் உதவியாளர் இன்றைக்கு உங்களிடம் சம்பளம் வாங்குகிறார். நாளைக்கு எங்கே இருப்பார், யாரிடம் என்ன சொல்வார் என்பது உங்கள் கையில் இல்லை.

ஆகவே அதைத் தாக்கல் செய்யாதீர்கள், கிழிக்கவும் செய்யாதீர்கள். அப்படியே எடுத்துப்போய் உங்கள் வக்கீலிடம் முழுக் கதையையும் சொல்லுங்கள். பதில் மனுவில் 'தினசரிப் பதிவேடு அந்தக் காலத்தில் எழுதப்படவில்லை' என்று நேராக ஒப்புக்கொள்ளுங்கள். மனுவைத் தாமதிக்க வேண்டாம். 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூட ஆணையத்தால் தர முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

பதிவேட்டுக்குப் பதில் எதைக் காட்டுவது? பில்களை. கிருமிநாசினி வாங்கிய பில், ஒருமுறை உபயோகிக்கும் ஊசிகள் வாங்கிய பில், மருத்துவக் கழிவை எடுத்துப்போகும் நிறுவனம் தந்த சீட்டுகள். இவை அந்தந்த நாளிலேயே மூன்றாம் ஆள் கொடுத்தவை என்பதால் எடை அதிகம். ஆனால் தருவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதத்தில் எத்தனை அமர்வு, ஒன்றுக்கு எத்தனை ஊசி, எத்தனை வாங்கினீர்கள்? எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் போடும் கணக்கு இதுதான். உபயோகித்த ஊசிகளை விடக் குறைவாக வாங்கியிருந்தால் அந்தப் பில்லே உங்களை முடித்துவிடும்.

2016 மருத்துவக் கழிவு விதிகள் படுக்கை இல்லாத கிளினிக்கையும் சேர்த்துத்தான். உங்களுக்கு ஒரே முறை வாங்கும் அங்கீகாரம் போதும், ஊசிக்கு வெள்ளை நிறத் துளைபடாத டப்பா கட்டாயம். 'நாங்கள் பிசியோ, ஆஸ்பத்திரி இல்லை' என்ற வாதம், ஊசியைக் கையில் எடுத்த அன்றே போய்விட்டது. அங்கீகாரம் இல்லையென்றால் இன்றைய தேதியிலேயே விண்ணப்பியுங்கள். பழைய தேதி வேண்டவே வேண்டாம்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் வழக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதை நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ஊசி குத்திய கையோடு அந்த இடத்தில் அல்ட்ராசவுண்டுக்காக ஜெல் தடவியிருக்கிறீர்கள். முழுத் தோலுக்குச் சாதாரண ஜெல் போதும். துளைபட்ட தோலுக்கு ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) ஜெல், ஒருமுறை உடைக்கும் பாக்கெட் வேண்டும். பெரிய கேனிலிருந்து சின்னப் பாட்டிலில் திரும்பத் திரும்ப நிரப்பும் பழக்கம் உங்களிடம் இருந்தால் இன்னும் மோசம். அல்ட்ராசவுண்ட் ஜெல்லில் பாக்டீரியா வளர்ந்து நோயாளிகளுக்குத் தொற்று பரவியது பல நாடுகளில் பதிவான விஷயம். எதிர்த்தரப்பு ஒரு நிபுணர் கருத்து வாங்கினால் இதில்தான் கை வைப்பார். அவர்களின் கல்ச்சர் ரிப்போர்ட்டை வாங்கி எந்தக் கிருமி என்று பாருங்கள். சாதகமாக இருந்தால் பேரத்துக்கு உதவும், வழக்கையே ஜெயித்துக் கொடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

என் ஆலோசனை, சமரசம் பேசுங்கள். கௌரவம் பார்த்தால் செலவு ஏறும், அந்த ரெஜிஸ்டர் வெளியே வரும் வாய்ப்பும் ஏறும். 2019 சட்டத்தில் ஆணையமே சமரசத்துக்கு அனுப்ப வழி இருக்கிறது; ஆனால் கொடுங்காயம் விளைவித்த மருத்துவ அலட்சிய வழக்குகளை 2020 சமரச விதிகள் அதிலிருந்து விலக்குகின்றன, உங்கள் வழக்கு அதில் வருமா என்று வக்கீலிடம் கேளுங்கள்; வந்தால் நேரடியாகப் பேசித்தான் முடிக்க வேண்டும். சிகிச்சைச் செலவின் பில்களை அடிப்படையாக வைத்துத் தொகையைப் பேசச் சொல்லுங்கள். 8 லட்சம் என்பது பேரத்துக்கு இடம் வைத்து உயர்த்திக் கேட்கும் தொகை.

அதற்கு முன்னால், தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால் இன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் பணம் தருவதாக ஒப்புக்கொண்டால், வாட்ஸ்அப்பில் 'செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதினாலும்கூட, பாலிசி நிபந்தனையைக் காட்டிக் கைவிரிப்பார்கள். நோயாளிக்கு ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் அழிக்க வேண்டாம், வக்கீலிடம் காட்டுங்கள். சமரசம் முடிந்தால் ஆணையத்திலேயே பதிவு செய்து உத்தரவாக வாங்குங்கள். நேரில் கையில் கொடுத்த பணத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் ரசீது போதாது.