நாளைக்கு ஆரம்பிக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போகிறவர்களுக்கு: உடற்பயிற்சி கேள்வி பதில்

உடற்பயிற்சி நல்லது என்று தெரியாதவர் யாரும் இங்கே கேள்வி அனுப்பவில்லை. வந்த கேள்விகளில் முக்கால்வாசி தயக்கத்தைப் பற்றியவை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி (ஆண், 44, கணக்குப் பிரிவு வேலை): வருஷா வருஷம் ஆரம்பிக்கிறேன் சார், பத்து நாள் தாண்டுறதில்ல. இந்தத் தடவையும் பாதியில விட்டுருவேனோங்கிற பயத்துலயே தள்ளிப்போட்டுட்டு இருக்கேன். மனசை எப்படித் தயார் பண்றது?

மனசு தயாராகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்களை நிறுத்துவது பெரும்பாலும் அளவுதான். ஐந்து மணி அலாரம், ஒரு மணி நேர நடை, ராத்திரி சாப்பாடு பாதி, சர்க்கரை இல்லாத காபி என்று நான்கு மாற்றங்களை ஒரே திங்கட்கிழமையில் ஏற்றுகிறோம். மூன்றாம் நாள் தொடை பிடித்துக்கொள்கிறது. ஏழாம் நாள் தூக்கம் போதவில்லை. பத்தாம் நாள் மழை பெய்தால் அதுவே சாக்காகிவிடுகிறது.

முதல் இரண்டு வாரம் பத்தே நிமிடம் நடங்கள். இன்னும் நடக்க முடியும் என்று தோன்றினாலும் திரும்பிவிடுங்கள். நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல், ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு காரியத்தோடு கட்டுங்கள். காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பு மாட்ட வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது வாரத்திலிருந்து வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்வதை நம்பி ஏமாற வேண்டாம். லண்டனில் 96 பேரை வைத்து நடந்து 2009-இல் வெளிவந்த ஆய்வில் ஒரு செயல் தன்னியல்பாக மாற சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே ஒரு நாள் விட்டுப்போனால் கவலை வேண்டாம். இரண்டாம் நாளும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பெண், 38): நாலு படி வேகமா ஏறினாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது. ஏதாவது ஆயிடுமோன்னு பயந்தே எல்லாத்தையும் நிறுத்திட்டேன்.

முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், இசிஜி, ஹீமோகுளோபின், தைராய்டு நான்கையும் பார்த்துவிடுவது நல்லது. நம் பெண்களிடம் ரத்தசோகை அதிகம். படி ஏறும்போது படபடப்பு வர அது ஒன்றே போதும். அப்படி இருந்தால் அதற்குச் சிகிச்சைதான் முதல் வேலை.

எல்லாம் சரியாக இருந்தும் பயம் போகவில்லை என்றால், இதயம் வேகமாக அடிப்பதையே மூளை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. பயந்தாலும் இதயம் வேகமாகத் துடிக்கும், ஓடினாலும் துடிக்கும், வியர்வையும் மூச்சு வாங்குவதும் இரண்டிலும் ஒன்றுபோலத்தான். இது பயமா, உழைப்பா என்ற வேறுபாட்டை உடம்பு அனுபவத்தில்தான் கற்றுக்கொள்ளும்.

வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி 30 விநாடி நடை போடுங்கள். நிறுத்தி, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 15 விநாடி நாடி எண்ணுங்கள், நான்கால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். 120 இருந்தது 100-க்கு இறங்குவதை உங்கள் விரலே உணரும். இப்படி மூன்று சுற்று, ஒரு வாரம். அடுத்த வாரம் 45 விநாடி, அதற்கடுத்து ஒரு நிமிடம். முதல் வாரத்துக்குப் பிறகு நாடி எண்ணுவதை விட்டுவிடுங்கள். கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது பயத்துக்குத் தீனி போடுவதுதான். பக்கத்தில் ஆள் இருந்தால்தான் செய்வேன் என்பதும் அப்படியே.

ஒன்றை மட்டும் பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுவது, இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: தினமும் 10,000 அடி நடந்தே ஆகணுமா? ஜிம்முக்குப் போகலேன்னா பிரயோஜனம் இல்லையா?

அந்தப் பத்தாயிரம் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. ‘மான்போ-கேய்’ என்றால் பத்தாயிரம் அடி மீட்டர். ஆய்வு செய்து கண்ட எண் அன்று. உலக சுகாதார அமைப்பு 2020-இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. மிதம் என்றால் நடந்துகொண்டே பேச முடியும், பாட முடியாது.

ஜிம் கட்டாயம் இல்லை. 1953-இல் ஜெர்ரி மாரிஸ் குழு வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் லண்டன் மாடி பஸ் ஓட்டுநர்களைவிட கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஓட்டுநர் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தார், கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கினார்.

கேள்வி (மகள் கேட்கிறார்): அப்பாவுக்கு 61, சுகர், இன்சுலின் போடுறார். நடக்கும்போது லோ சுகர் ஆயிடும்னு வீட்டை விட்டே இறங்க மாட்டேங்கிறார்.

அவர் பயம் நியாயமானது, அதனால் பயப்படாதீங்கப்பா என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸோ சர்க்கரைப் பொட்டலமோ எப்போதும் இருக்கட்டும். கை நடுக்கம், திடீர் வியர்வை, தடுமாற்றம் வந்தால் அங்கேயே உட்கார்ந்து 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி சர்க்கரை சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்துச் சோதிக்க வேண்டும். 70-க்கு மேல் ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. தொடையில் இன்சுலின் போட்டுக்கொண்டு உடனே நடக்கக் கூடாது. உழைக்கிற தசைக்கு ரத்தம் பாய்வதால் மருந்து சீக்கிரம் இறங்கிவிடும். வயிற்றில் போடலாம். மருந்தின் அளவை மாற்றுவது மருத்துவர் வேலை.

சாப்பிட்டு முடித்த பிறகு 10 முதல் 15 நிமிடம் நடப்பது அவருக்குப் பொருத்தம். வேலை செய்யும் தசை இன்சுலினின் துணை இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நடந்த பிறகும் ஒன்றிரண்டு நாளுக்கு இன்சுலின் கொஞ்சம் நன்றாகவே வேலை செய்யும். அந்தப் பலன் கரைந்துவிடும் என்பதால் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. வெறுங்காலோடு நடக்க வேண்டாம். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் நீங்களே ஒருமுறை பாருங்கள், மரத்துப்போன காலில் முள் குத்தியது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

கேள்வி: மூணு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோ கூட குறையல. வெறுத்துப்போச்சு.

70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 130–150 கலோரி. ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு காபியும் அதை ஈடுகட்டிவிடும். எடையைக் குறைப்பதில் பெரிய பங்கு சாப்பாட்டுக்கு. நடை தரும் பலன்களை எடை மெஷின் காட்டாது.

அதனால் வேறு அளவுகளைக் குறித்து வையுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு (நம்மவர்களுக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது), காலை எழுந்ததும் நாடித்துடிப்பு, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது, படுத்து எத்தனை நிமிடத்தில் தூக்கம் வருகிறது. இவற்றில் குறைந்தது இரண்டு மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். ஞாபகசக்திக்கும் கணக்கு உண்டு. 2011-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் ஓராண்டு நடந்த முதியவர்களுக்கு, நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது.

கேள்வி (பெண், 63): முட்டி தேய்ஞ்சுபோச்சுன்னு எக்ஸ்ரேல சொன்னாங்க தம்பி. நடந்தா மிச்சமும் தேய்ஞ்சுடாதா?

இந்தப் பயத்தால் உட்கார்ந்தே இருந்து முடங்கிப்போகிறவர்கள் நிறைய, அம்மா. மூட்டின் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. பஞ்சை அமுக்கி விடுவதுபோல மூட்டு அழுந்தித் தளரும்போதுதான் அதற்கு ஊட்டம் போகிறது. தொடைத் தசை மெலிந்தால் முட்டிக்குத்தான் கூடுதல் சுமை.

முதல் பத்து நாள் படுக்கையிலேயே செய்யுங்கள். காலை நீட்டி, சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, துண்டை நசுக்குவதுபோல் 5 விநாடி அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை, காலை மாலை. பிறகு நாற்காலி. சுவரை ஒட்டிப் போட்டு, உயரம் போதவில்லை என்றால் மேலே தலையணை வையுங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்தில். மூச்சை விட்டபடி எழுங்கள், மூன்று எண்ணிக்கொண்டே மெல்ல உட்காருங்கள். தவறு நடப்பது மூன்று இடத்தில்: முட்டிகள் உள்பக்கம் ஒன்றையொன்று பார்த்துச் சாய்வது, மூச்சை அடக்குவது (ரத்த அழுத்தம் ஏறும்), கடைசி நான்கு அங்குலத்தில் தொப்பென்று விழுவது. ஐந்து தடவையில் தொடங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்து வரை ஏற்றுங்கள்.

வலியைப் பத்துக்கு எத்தனை என்று வைத்துப் பாருங்கள். மூன்று வரை இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். வீங்கினாலோ மறுநாளும் நீடித்தாலோ அளவைப் பாதியாக்குங்கள். முட்டி பூட்டிக்கொண்டு மடங்கவே இல்லை, அல்லது சிவந்து காய்ச்சலும் இருக்கிறது என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். வாரம் மூன்று நாள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் 10 விநாடி நில்லுங்கள். கீழே விழாமல் இருக்க இது வேண்டும்.

கேள்வி: எங்க தெருவுல பொம்பளைங்க வாக்கிங் போனா ஒரு மாதிரி பார்க்கிறாங்க.

மொட்டை மாடி போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும் திசையை மாற்றுங்கள். ஒரே பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தால் ஒரு பக்க இடுப்பும் கணுக்காலும் வலிக்கும். பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு இருவராகத் தெருவில் இறங்கினால் கூச்சம் பாதியாகும்.

கேள்வி: வைரஸ் காய்ச்சல் வந்து ஒரு மாசம் நின்னுபோச்சு. மறுபடி முதல்லேருந்தா?

முதலிலிருந்து வேண்டாம். காய்ச்சலும் உடல்வலியும் முழுதாகப் போய் சாதாரண வீட்டு வேலைக்கு மூச்சு வாங்கவில்லை என்றால், பழைய நேரத்தில் பாதியோடு தொடங்குங்கள். வேகமும் பேசிக்கொண்டே போகும் அளவில் இருக்கட்டும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் போதும். ஒரு மாதமாக மூலையில் கிடந்த ஷூவைக் கவிழ்த்துப் பாருங்கள். குதிகாலில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் புது ஜோடி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.