Re: கரைசலில் மின்னுது, படலத்தில் மங்குது

நீங்கள் செய்த ஒளிரும் மூலக்கூறில் டிரைபினைல் அமீன் (ஒரு நைட்ரஜனைச் சுற்றி மூன்று பென்சீன் வளையம்) நடுவில், மூன்று கைகளிலும் பைரீன் (நான்கு வளையம் ஒட்டிய குழு). கரைசலில் நல்ல நீலம், கண்ணாடியில் பூசினால் மங்கலான பச்சை என்கிறீர்கள். பச்சைதான் துப்பு. நடு அமீன் காற்றாடிபோல் முறுக்கிக்கொண்டு நிற்கும், அது அடுக்காது. பைரீன் தட்டை. நம்மூரில் பனையோலையை அடுக்கிக் கட்டுவார்களே, அப்படி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, இரண்டும் சேர்ந்து நீள அலையில் மங்கலாக ஒளிரும். எக்சைமர் என்பது இதுதான்.

முதலில் உறுதி செய்யுங்கள். டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானில் கரைத்து, மூலக்கூறுகள் திரளும்படி தண்ணீரை 90 சதவீதம் வரை கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் நிறமாலை எடுங்கள். மங்கிப் பச்சைப் பக்கம் நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் பெர்ஸ்பெக்ஸ் என்ற தெளிவான பிளாஸ்டிக்கில் 1 சதவீதம் மட்டும் கலந்து, தள்ளித் தள்ளி நிற்கும்படி பூசிப் பாருங்கள். நீலம் திரும்பினால் மூலக்கூறு நல்லது, நெருக்கம்தான் கெட்டது.

மருந்து இரண்டு. பைரீனில் டெர்ட்-பியூட்டைல் என்ற பருமனான குழுக்களை வைத்தால் இடைவெளி கிடைக்கும். அல்லது முனையில் டெட்ராபினைல் எத்திலீன்: கரைசலில் இருட்டு, திண்மத்தில் வெளிச்சம். பென் சோங் டாங் குழு 2001இல் சைலோல் என்ற சிலிக்கான் வளையச் சேர்மத்தில் கண்ட திரள்-ஒளிர்வு குணம் இதற்கும் உண்டு. எனக்கென்றால் இரண்டாவதுதான். ஆனால் மின்னோட்டம் கடத்த வேண்டிய விளக்குக்கு என்றால் கிளைகளைக் கண்டபடி பருக்க வைக்காதீர்கள், மின்னூட்டம் தாவ வழியிருக்காது.

பல்லேடியம் வினையூக்கியால் வளையங்களை இணைக்கும் சுசூகி வினையில் செய்தீர்களா? மிச்சப் பல்லேடியமும் ஒளியைத் தின்னும். பாளையங்கோட்டையில் படிக்கும்போது ஒரு பருவம் முழுக்க அதில் தொலைத்தேன். இன்னொரு தடவை சுத்திகரிப்புக் குழாயில் (column) ஓட்டிவிட்டு அளங்க.