முகம் எப்படி இருக்கிறது?

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தில் நாற்பது பேர் கொண்ட பிரிவுக்குத் தலைவராக இருக்கிறேன். அண்மையில் உணர்வுசார் நுண்ணறிவு, அதாவது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து நடந்துகொள்ளும் திறன் பற்றிய இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மதிப்பீட்டில் பிரிவிலேயே எனக்குத்தான் அதிகப் புள்ளிகள். இந்தக் கலையின் வேர் பழங்காலச் சீன ஞானி கன்பூசியஸிடம் இருக்கிறது என்றார் பயிற்சியாளர். அலுவலகத்தில் எவ்வளவு சிக்கலான ஆளையும் என்னால் சமாளிக்க முடிகிறது. எண்பதை நெருங்கும் என் அப்பாவிடம் மட்டும் எதுவும் பலிக்கவில்லை. சின்ன விஷயத்துக்கும் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருக்கிறார். மருத்துவர், மருந்து, தனி அறை, குளிர்சாதனம், கவனித்துக்கொள்ளப் பணிப்பெண் என்று எதிலும் குறை வைக்கவில்லை. வர வர அவர் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். நான் வேலை முடிந்து வந்தால், கதவைத் திறந்துவிட்ட பணிப்பெண்ணிடம் “முகம் எப்படி இருக்கிறது?” என்று கேட்டுவிட்டுத்தான் அறையைவிட்டு வெளியே வருகிறார்! என் மகளின் தேர்வுக்காகச் சென்ற மாதம் ஒரு வாரம் விடுப்பு எடுத்ததில் வேலை வேறு குவிந்து கிடக்கிறது. கன்பூசியஸைப் படித்தால் அப்பாவைக் கையாளும் வழி கிடைக்குமா? எங்கிருந்து தொடங்கலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சிங்கப்பூர்

பதில்: உங்கள் பயிற்சியைப் பற்றிப் பிறகு பேசலாம். புள்ளிகளைப் பற்றியும் பிறகு பேசலாம். “முகம் எப்படி இருக்கிறது?” என்று உங்கள் அப்பா கேட்கிறாரே, அதை விளையாட்டு என்று நினைத்து ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியைத் தாண்ட முடியாமல் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

தம்பி, அது குழந்தைத்தனமே இல்லை. பயம். எண்பதை நெருங்கும் ஒரு மனிதர், தான் பெற்று வளர்த்த பிள்ளையின் வீட்டில், அறையைவிட்டுக் கூடத்துக்கு வரலாமா வேண்டாமா என்று சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் விசாரித்துத் தெரிந்துகொள்கிறார். உங்கள் முகம் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அல்லது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதல்ல. பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. எல்லாவற்றிலும் செய்துகொடுத்த வசதிகளின் பட்டியல் இருக்கும், எல்லாவற்றிலும் “குறை வைக்கவில்லை” என்ற வாக்கியம் இருக்கும். அண்மைக்காலமாகக் “கையாள்வது” என்ற சொல்லும் சேர்ந்துகொண்டிருக்கிறது. சரக்கைக் கையாளலாம், கோப்பைக் கையாளலாம். தகப்பனை எதற்குக் கையாள வேண்டும்?

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டீர்கள். கன்பூசியஸ் கி.மு. 551இல் சீனப் பகுதியின் லு நாட்டில் பிறந்தவர். அவர் பேசியவற்றைச் சீடர்வழி வந்தவர்கள் தொகுத்த ‘லுன்யு’ இருபது பகுதிகள் கொண்டது. இரண்டாம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சியாவ்’, அதாவது பெற்றோருக்குப் பிள்ளை செய்ய வேண்டியது என்ன என்ற ஒரே கேள்வியை நான்கு பேர் அடுத்தடுத்துக் கேட்கிறார்கள். நால்வருக்கும் வேறு வேறு பதில். ஒரு பிரபுவிடம் “மீறாதே” என்கிறார். அந்தப் பிரபுவின் மகனிடம், உன் உடல்நலத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் பெற்றோர் கவலைப்படும்படி வைக்காதே என்கிற பொருளில் பேசுகிறார். கேட்பவன் யார், அவனிடம் எது குறைகிறது என்று பார்த்துப் பதில் சொல்லும் ஆசிரியர் அவர். உங்கள் பயிற்சியாளர் வேர் என்று சொன்னது இதைத்தான் என்றால், அதில் தவறில்லை.

நான்காவதாகக் கேட்டவர் ட்சூஷியா என்ற இளம் சீடர். அவருக்குக் கிடைத்த பதிலின் தொடக்கம் இரண்டே சீன எழுத்துகள்: ‘ஸெ நான்’. நிறம் கடினம், முகம் கடினம் என்று பொருள். அதன்பின் சொல்கிறார்: வேலை வந்தால் இளையவர்கள் உழைக்கிறார்கள், சோறும் மதுவும் வந்தால் மூத்தவர்களுக்கு முதலில் பரிமாறுகிறார்கள், இதைப் போய் சியாவ் என்று நினைத்துவிட முடியுமா?

அந்த இரண்டு எழுத்துகளுக்கு உரையாசிரியர்கள் இரண்டு விதமாகப் பொருள் சொன்னார்கள். பெற்றோரின் முகத்தைப் பார்த்து, அதில் ஓடுவதைப் புரிந்துகொண்டு, அதற்கு இசைய நடப்பதுதான் கடினம் என்பது சீனாவின் ஹான் அரசமரபுக் காலத்துப் பழைய உரை. பெற்றோரின் முன்னால் பிள்ளை தன் முகத்தை இனிமையாக வைத்திருப்பதுதான் கடினம் என்பது 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீன அறிஞர் ஜூ ஷியின் உரை. ஒன்று அடுத்தவர் முகத்தைப் படிப்பது, மற்றொன்று தன் முகத்தைக் காப்பது. உங்கள் இரண்டு நாள் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததும் பெரும்பாலும் இந்த இரண்டாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். பிள்ளை பெற்றோரின் முகத்தைப் படிக்க வேண்டும் என்றார்கள். உங்கள் வீட்டில் தகப்பன் பிள்ளையின் முகத்தைப் படிக்கிறார், அதுவும் நேராகப் பார்க்கத் துணியாமல் ஆள்வைத்துப் படிக்கிறார். உணர்வுசார் நுண்ணறிவுக்கு மதிப்பெண் போடுவதானால் உங்கள் அப்பாவுக்குத்தான் போட வேண்டும். முகந்திரிந்து நோக்கினாலே விருந்தினர் வாடிவிடுவார் என்கிறது குறள். அது வாசலுக்கு வந்த விருந்தாளிக்குச் சொன்னது. உள்ளே வாழும் தகப்பனை விருந்தாளியைப் போலக் கூசி நிற்க வைத்திருக்கிறீர்கள்.

“எதிலும் குறை வைக்கவில்லை” என்கிறீர்கள். ட்சூஷியாவுக்கு முன்னால் அதே கேள்வியைக் கேட்ட ட்சூயூவுக்குக் கன்பூசியஸ் சொன்னதைப் படியுங்கள். இந்தக் காலத்தில் பெற்றோருக்குச் சோறு போட முடிந்தாலே சியாவ் என்கிறார்கள், நாய்க்கும் குதிரைக்கும்கூடத்தான் தீனி கிடைக்கிறது, மரியாதை இல்லாவிட்டால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்கிறார். நான் கடுமையாகப் பேசுகிறேன் என்று தோன்றினால், அவர் இதைவிடக் கடுமையாகப் பேசியிருக்கிறார். உங்கள் ஊரிலேயே 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள முடியாத அறுபது வயதைக் கடந்த பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நல்ல சட்டம், தேவையான சட்டம். ஆனால் நீங்கள் பெருமையோடு அடுக்கியிருக்கும் அனைத்தும் அந்தச் சட்டம் கேட்கக்கூடிய அளவுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. முகம் கடுகடுத்தான் என்று எந்தத் தகப்பனும் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது.

இனி உங்கள் பயிற்சிக்கு வருகிறேன். உணர்வுசார் நுண்ணறிவு என்ற கருத்தை 1990இல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வரையறுத்தார்கள். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூலால் அது நிறுவனங்களுக்குள் நுழைந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். மேலாளர்கள் கத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்வது நல்லதுதான். ஆனால் அதையும் கன்பூசியஸையும் ஒன்று என்று சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். வேலையில் உயர்வதற்கான திறமையாக அவர் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

லுன்யுவின் முதல் பகுதியில், மிகத் தொடக்கத்திலேயே, அடுத்தடுத்து இரண்டு வாசகங்கள் வருகின்றன. முதலாவது ஒரு சீடர் சொன்னது: நல்ல மனிதன் வேரில் உழைக்கிறான், வேர் ஊன்றினால் வழி தானே வளரும், பெற்றோரிடமும் மூத்தவர்களிடமும் நடந்துகொள்ளும் முறைதான் மனிதநேயத்தின் வேர். நீங்கள் தேடும் வேர் இதுதான். இரண்டாவது கன்பூசியஸே சொன்னது: சாதுரியமான பேச்சும் குழைவான முகமும் இருப்பவனிடம் மனிதநேயம் அரிதாகத்தான் இருக்கும். அங்கே முகத்துக்கு வருவதும் ‘முகம் கடினம்’ என்பதில் உள்ள அதே ‘ஸெ’தான். ஆதாயத்துக்காக இளகும் முகத்தை அவர் நம்பவில்லை. நாற்பது பேரிடம் பகல் முழுவதும் காட்டிய கனிவில், மாலையில் ஒருவருக்குக்கூட மிச்சம் இல்லையென்றால், அந்தக் கனிவு எதற்காகக் காட்டப்பட்டது என்பதை நீங்கள்தான் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் அப்பாவிடமும் நடிக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ‘லீஜி’ என்ற சடங்கு நூலில் உள்ள ஒரு வரிசையை ஜூ ஷி இந்த இடத்தில் எடுத்துக்காட்டுகிறார்: ஆழ்ந்த அன்பு உள்ள பிள்ளையிடம் இதமான தன்மை இருக்கும், அதிலிருந்து மலர்ந்த முகம் வரும், அதிலிருந்து பணிவான தோற்றம் வரும். அதனால்தான் அவர்கள் அதைக் கடினம் என்றார்கள். முகத்தை மட்டும் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.

உங்களுக்கு அன்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மகளின் தேர்வுக்கு ஒரு வாரம் விடுப்பு எடுத்தவர் அன்பு இல்லாதவராக இருக்க முடியாது. அந்த ஒரு வாரமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று அவள் யாரிடமும் விசாரித்திருக்கத் தேவையில்லை. ட்சூஷியாவுக்குப் பிற்காலத்தில் நடந்ததை அதே லீஜி சொல்கிறது. அவருடைய மகன் இறந்துபோனான். அழுது அழுது அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. பழைய நண்பர் ட்செங்ட்சு துக்கம் கேட்க வந்தார், இருவரும் சேர்ந்து அழுதார்கள். “வானமே, நான் ஒரு குற்றமும் செய்யவில்லையே” என்று ட்சூஷியா அரற்றியபோது நண்பருக்குக் கோபம் வந்தது. நீ எப்படிக் குற்றமற்றவன் என்று கேட்டு எண்ணிச் சொன்ன குற்றங்களில் ஒன்று இது: பெற்றோர் இறந்தபோது நீ காத்த துக்கம் ஊரில் யார் காதிலும் விழவில்லை, பிள்ளை இறந்தபோது கண்ணையே இழந்துவிட்டாய். பார்வையிழந்த அந்த மனிதர் கைத்தடியைப் போட்டுவிட்டு வணங்கி, “நான் தவறிவிட்டேன்” என்றார். முகம் கடினம் என்ற பாடத்தை ஆசிரியரின் வாயால் நேரில் கேட்டவருக்கே அந்த நிலை வந்தது. அன்பு கீழே பிள்ளைகளை நோக்கித் தானாகப் பாயும். மேலே பெற்றோரை நோக்கிப் பாய உழைப்பு வேண்டும். அந்த உழைப்பைத்தான் நான் கடமை என்கிறேன். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

அப்பாவின் கோபத்துக்கு என்ன பதில் என்பீர்கள். அவர் செய்வதெல்லாம் சரி என்று கன்பூசியஸே சொல்ல மாட்டார். பெற்றோர் தவறினால் மென்மையாக எடுத்துச் சொல், கேட்காவிட்டாலும் மரியாதை குறையாமல் இரு, சலித்தாலும் மனத்தில் வன்மம் வைக்காதே என்கிறார். ஆனால் உங்கள் கடிதத்தில் அவர் எதற்குக் கோபித்தார் என்று ஒரு இடத்தில்கூட இல்லை. “சின்ன விஷயம்” என்றுதான் இருக்கிறது. யாருக்குச் சின்னது? நாற்பது பேரின் மனக்குறையைப் பெயர் பெயராகச் சொல்லக்கூடிய உங்களுக்கு, அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்ததற்கான காரணத்தை ஒரு வரியில் எழுத முடியவில்லை.

கோபத்தைப் பற்றி இன்னொன்று. ஒரு நாட்டின் கோமகன், உங்கள் சீடர்களில் கற்பதில் ஆர்வமுள்ளவர் யார் என்று கன்பூசியஸைக் கேட்டார். யான் ஹுய் என்று ஒருவர் இருந்தார், அற்பாயுளில் இறந்துவிட்டார் என்றார் ஆசிரியர். அதற்கு அவர் சொன்ன சான்று, அந்தச் சீடர் எத்தனை ஏடுகளை மனப்பாடம் செய்தார் என்பதைப் பற்றியது இல்லை. ஓரிடத்துக் கோபத்தை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகமாட்டார், செய்த தவறை மறுபடி செய்யமாட்டார் என்றார். நீங்கள் அலுவலகத்தில் விழுங்கிய கோபம் எங்கே போகிறது என்பது உங்கள் பணிப்பெண்ணுக்குத் தெரியும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அப்பாவின் வயது. “எண்பதை நெருங்கும்” என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றோரின் வயதைத் தெரியாமல் இருக்கக்கூடாது, அது ஒரு பக்கம் மகிழ்ச்சி, ஒரு பக்கம் அச்சம் என்றார் கன்பூசியஸ். அவர் மூன்று வயதில் தந்தையை இழந்தவர் என்கிறது மரபு. தந்தையின் முன்னால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று பழகிப்பார்க்கும் பேறு அவருக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்கு இன்னும் இருக்கிறது. அப்பாவின் அடையாள அட்டையை எடுத்துப் பிறந்த நாளைப் பாருங்கள்.

அடுத்தது, நாளை மாலை. மின்தூக்கியில் ஏறும்போதே கைப்பேசியை அணைத்துவிடுங்கள். கதவு திறந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் வெளியே வரும்வரை காத்திருக்காமல் அவருடைய அறைக்கு நீங்களே போய் உட்காருங்கள். சாப்பிட்டாரா, மருந்து எடுத்துக்கொண்டாரா என்று விசாரிக்காதீர்கள். அந்தக் கேள்விகளைப் பணிப்பெண் தினமும் கேட்கிறார். எதற்காக அன்றைக்குக் கோபித்துக்கொண்டீர்கள் அப்பா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுநாளும் போய் உட்காருங்கள். ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும்.

அதற்கு முன் பணிப்பெண்ணைத் தனியாக அழைத்து, பயப்பட வேண்டாம் என்று சொல்லி, ஒன்றே ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: “முகம் எப்படி இருக்கிறது?” என்று அப்பா கேட்கும்போது, அந்தப் பெண் வழக்கமாக என்ன பதில் சொல்கிறார்? அந்தப் பதிலை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.